சதகுப்பைச் சாராயமும் பட்டைச் சாராயமும்

2024 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. ஸ்வீடன் நாட்டில் அன்று கோடை நடுநாள் விழா. புல்வெளியில் மேசை போட்டு, ஊறவைத்த மீனும் புது உருளைக்கிழங்கும் பரப்பி, விரலளவு கண்ணாடிக் குவளைகளில் அக்வாவிட் என்ற மூலிகைச் சாராயத்தை ஊற்றி, பாட்டுப் பாடிக் குடிப்பது அவர்கள் வழக்கம். அதே வாரத்தில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் பிணங்களை வரிசையாகக் கிடத்தி அழுதுகொண்டிருந்தார்கள். பாக்கெட் சாராயம் குடித்தவர்களை ஆம்புலன்சில் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அது பட்டியல் சாதி மக்கள் நிறைந்து வாழும் பகுதி.

அங்கே ஒரு சமூகத்தின் சாராயம் விழாவாகவும், இங்கே இன்னொரு சமூகத்தின் சாராயம் சாவாகவும் ஆனது எப்படி? இந்தக் கேள்வியை எங்கள் முன் கொண்டுவந்து வைத்தது ஒரு பாட்டில்.

நாங்கள் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் ஒரு காலனியில் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர். எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஸ்வீடனில் வேலை பார்க்கிறான். போன மார்கழியில் விடுப்பில் வந்தபோது ஒரு பாட்டில் அக்வாவிட் கொண்டுவந்தான். மூடியைத் திறந்ததும் திண்ணையிலிருந்த ஆயா மூக்கை உறிஞ்சினார். "இது சதகுப்பை வாசமில்ல கண்ணு? புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறதாச்சே!"

ஆயா சொன்னது சரி. உருளைக்கிழங்கிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த சாராயத்தில் கேரவே என்ற விதையையோ சதகுப்பையையோ சேர்த்து மணமேற்றியதுதான் அக்வாவிட். கேரவே நம் சீரகத்துக்குப் பங்காளி. அந்த இரண்டில் ஒன்றாவது இல்லாவிட்டால் அந்தப் பெயரில் விற்க முடியாது, சாராயச் சத்து 37.5 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே வைத்திருக்கிறது. பெயருக்கு அர்த்தம் 'உயிர்நீர்'. 1531-இல் ஒரு டேனிஷ் பிரபு நார்வேயின் பேராயருக்கு மருந்தென்று சொல்லி அனுப்பிய கடிதத்தில் இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பிறகு ஊர் ஊராகக் குடியானவர்களும் காய்ச்சினார்கள், காட்டுச் செடிகளைப் பறித்து ஊறவைத்தார்கள். இன்று அது அவர்களுடைய பண்பாட்டுச் சொத்து.

மார்கழிக் குளிருக்கு அவர்கள் க்ளக் என்று ஒரு சூடான பானம் செய்வார்களாம். திராட்சை மதுவில் ஏலக்காய், பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சுடவைத்து, குவளையில் உலர்திராட்சையும் பாதாமும் இட்டுத் தருவார்கள். நாங்கள் எங்கள் வழியில் ஒன்று செய்தோம். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, தட்டிய சுக்கு, கொல்லிமலை மிளகு, ஏலக்காய், ஒரு சிட்டிகை சதகுப்பை, ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதிக்கவிட்டோம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான், வேண்டியவர்களுக்கு மட்டும், ஒரு கரண்டி அக்வாவிட். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும். எங்களில் பாதிப் பேர் சாராயம் சேர்க்காமலே குடித்தோம். தொட்டுக்கொள்ளச் சதகுப்பை தூவிய எள்ளுருண்டை. சாராயம் சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் மணத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பருவத்துக்கு ஒரு பானம், பருவத்துக்கு ஒரு தின்பண்டம் என்பது எங்களுக்குப் புதிதல்ல. மாசி பிறந்தால் பதநீர். சித்திரையில் நுங்கு. ஆடி ஒன்றாம் தேதி சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் தேங்காய் சுடுவோம். கண்ணைத் திறந்து, பொட்டுக்கடலை, அவல், எள், வெல்லம் திணித்து, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் வாட்டுவோம். அந்த வெல்லம் பரமத்திவேலூர், ஜேடர்பாளையம் பக்கத்து ஆலைக்கொட்டகைகளில் கொதித்தது. கரும்பு வெட்டியவர்களில் எங்கள் சனமும் உண்டு.

பதநீரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. மடித்த பனை ஓலையில் ஊற்றித் தருவார்கள். குடித்துவிட்டு ஓலையை வீசிவிடுவோம். ஓலை ஒருமுறைதான், அதனால் அதற்குத் தீட்டு இல்லை. கழுவித் திரும்ப வைக்கிற குவளை வந்த இடத்தில்தான் சாதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேநீர்க் கடையில் எங்கள் பெரியவர்கள் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். நாங்கள் தனிக் குவளையைப் பார்த்திருக்கிறோம். இப்போது காகிதக் குவளை வந்துவிட்டது, 'எல்லாருக்கும் ஒன்றுதானே' என்கிறார்கள். கழுவ வேண்டியதில்லை என்பதால் வந்த சமத்துவம் அது!

நமக்கும் ஒரு மூலிகைச் சாராயம் இருந்தது. வெள்வேல மரத்தின் பட்டையை வெல்லக் கரைசலில் ஊறப்போட்டு நொதிக்கவைத்து வடித்ததுதான் பட்டைச் சாராயம். சாராயத்துக்குப் பயன்பட்டதால் வெள்ளைக்காரர்கள் அந்த மரத்துக்கு 'சாராயம் காய்ச்சுவோரின் வேலமரம்' என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். வடநாட்டுக் குடியானவரின் விதைச் சாராயம் அருங்காட்சியகம் வரை போனது. நம்முடைய பட்டைச் சாராயம் காவல் நிலையத்துக்குப் போனது.

அந்தப் பாதை எங்கள் சேலத்தில்தான் தொடங்கியது. 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் காங்கிரஸ் அரசு சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலம்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-இல் ஆசிரமம் அமைத்து மதுவுக்கு எதிராக வேலை செய்தவர் அவர். குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்த அக்கறை அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கறைக்கான விலையைக் கொடுத்தது யார்? போன சாராய வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. குடிக்கிறவன் கட்டிய வரியைக் குடிக்காதவனும் உப்புப் புளி வாங்கும்போது கட்டத் தொடங்கினான். பாபாசாகேப் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1951 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கைக் கைவிடச் சொன்னதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். குடியைத் தொடாத தலைவரின் கட்சி சொன்னது அது.

ஸ்வீடன்காரர்கள் மட்டும் என்ன, புண்ணியவான்களா? இல்லை. அங்கேயும் 1955 வரை மதுவுக்கு ரேஷன் புத்தகம் இருந்தது. வருமானமும் அந்தஸ்தும் பார்த்துத்தான் அளவு. கல்யாணமான பெண்களுக்குப் பொதுவாகப் புத்தகமே கிடையாது. 1922-இல் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள், மிகக் குறைந்த வித்தியாசத்தில் வேண்டாம் என்றானது. பிறகு புத்தகத்தைக் கிழித்துப்போட்டு, எல்லாருக்கும் ஒரே கடை என்றார்கள். அதுவும் நம் டாஸ்மாக் போல அரசுக் கடைதான். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதற்கு அரசு பொறுப்பு. தம்பி சொன்னான்: "அங்க யாரும் கடை வாசல்ல கூனிக்குறுகி நிக்கறதில்லண்ணா."

இங்கே? 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. ஆலையில் கலக்கிய பிராந்திக்கு மட்டும் அனுமதி. 2003 முதல் அதை அரசே நேரடியாக விற்கிறது. பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது தொழிலுக்கும் குற்றத்துக்கும் உள்ள தூரம். இன்றும் நடப்பில் இருப்பது அதே 1937 சட்டம்தான். கருணாபுரத்துக்குப் பிறகு தண்டனையை ஏற்றினார்கள். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது பட்டையுமல்ல, வெல்லமுமல்ல, மெத்தனால். தொழிற்சாலைக்கு உரியது. வெல்லம் நொதித்து ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்க வேண்டும். குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவன் குடிக்கும் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த அதிகாரியும் இல்லை என்பதே அந்தச் சாவுகளின் காரணம்.

கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்லிக் கொங்குப் பகுதியில் பல ஆண்டுகளாக இயக்கம் நடக்கிறது. கள் நம் உணவு என்கிறார்கள். சரி, எங்களுக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. மரம் யாருடைய தோட்டத்தில் நிற்கிறது? மரமேறி விழுந்து இடுப்பொடிந்தவனுக்கு யார் பொறுப்பு? நிலமில்லாத எங்களுக்கு உரிமத்தில் பங்குண்டா? கடை திறந்தால் எங்களுக்கும் அதே பெஞ்சு, அதே குவளைதானா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் 'நம் மரபு பானம்' என்று முழங்கினால், அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் நாங்கள் இல்லை.

குடிக்கு வக்காலத்து வாங்க நாங்கள் இதை எழுதவில்லை. எங்கள் வட்டத்துப் பெண்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "கூலி வீட்டுக்கு வரணும், அடி விழக் கூடாது. அதுக்கப்புறம் மரபைப் பேசலாம்." அவர்கள் டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள், காலனிக்குப் பக்கத்தில் கடை வைப்பதே ஒரு சாதிக் கணக்கு என்று கண்டுபிடித்தவர்கள். அந்தக் கணக்கையும் உடைக்க வேண்டும், கருணாபுரங்களையும் தடுக்க வேண்டும். 'மதுவிலக்கா, மதுக்கடையா' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டுமே நடக்காது. யார் காய்ச்சினாலும் சோதனை, யார் குடித்தாலும் ஒரே பாதுகாப்பு, குடிநோயாளிக்கு அரசு மருத்துவமனையில் மரியாதையான சிகிச்சை, பனையேறிகளுக்கும் நிலமற்றவர்களுக்கும் கூட்டுறவில் பங்கு. இவைதான் எங்கள் கோரிக்கைகள்.

அதுவரை எங்களால் ஆனதைச் செய்கிறோம். இந்தப் பங்குனியில் காலனி மந்தையில் பதநீர் ஊற்றுகிறோம். சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டது, பக்கத்தில் எள்ளுருண்டை. ஊர்த்தெருவுக்கும் சொல்லியிருக்கிறோம். ஓலையில் கொடுக்கப் போவதில்லை, கழுவி வைத்த எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுப்போம். வந்து எங்களோடு உட்கார்ந்து குடியுங்கள்.