பாரம் குறைந்ததா?

ஆங்கிலத்து 'ஃபார்ம்' என்ற சொல்லை நம் ஊர்க் குமாஸ்தாக்கள் வெகு காலத்துக்கு முன்பே 'பாரம்' ஆக்கிவிட்டார்கள். அது வாய் தவறி நேர்ந்த காரியம் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. பாரம் என்றால் தமிழில் சுமை. தாலுகா ஆபீசிலும் பாங்கியிலும் பாரம் பூர்த்தி செய்து பழகியவர்களுக்கு இதில் சிலேடை ஒன்றும் தெரியாது, உண்மைதான் தெரியும்.

இப்போது காகிதப் பாரம் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. கூகிள் கம்பெனியார் 2008-இல் தங்கள் கணக்குத் தாளோடு ஓர் உபரி வசதியாக மின்னணுப் பாரத்தைச் சேர்த்தார்கள். இன்று அதைப் போல் எத்தனையோ வந்துவிட்டன. மந்தைவெளியில் பாட்டு வகுப்பு நடத்தும் மாமியிலிருந்து பெரிய ஆபீஸ் மானேஜர் வரையில் யார் வேண்டுமானாலும் பத்து நிமிஷத்தில் ஒரு பாரம் செய்து வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பிவிடலாம். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கருவி வந்தபோது அதைப் பற்றிய சில தப்பெண்ணங்களும் கூடவே வந்துவிட்டன.

வேலை குறைந்துவிட்டது என்பது அவற்றில் முதலாவது. யாருக்குக் குறைந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முன்பு நாம் கிறுக்கிக் கொடுத்ததை ஒரு குமாஸ்தா படித்துப் பேரேட்டில் ஏற்றுவார். இப்போது அந்த வேலையைப் பதில் சொல்கிறவரே செய்துவிடுகிறார். செய்யத் தெரியாதவர் கூலி கொடுத்துச் செய்விக்கிறார். எங்கள் தெரு முனையில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குக் காலை பதினொரு மணிக்குப் போனால், பென்ஷன்காரர்கள் இரண்டு மூன்று பேராவது நின்றுகொண்டிருப்பார்கள். கடைப் பையன் ஒவ்வொரு கேள்வியாக உரக்கக் கேட்பான். பிறந்த தேதி, பாங்கிக் கணக்கு, வியாதியின் பெயர் எல்லாவற்றையும் அவர்கள் அதைவிட உரக்கச் சொல்வார்கள். ஒரு நாள் நான் கேட்டது இது:

"சார், சர்நேம் சொல்லுங்க."

"அதெல்லாம் எங்களுக்கு ஏதுப்பா? இனிஷியல்தான் உண்டு. எஸ்."

"ஒரே எழுத்துன்னா ஒத்துக்க மாட்டேங்குது சார். ஸ்டார் போட்டிருக்கான்."

"அப்போ அப்பா பேரைப் போடு. அவர் போய் நாற்பது வருஷம் ஆச்சு. இனிமே கடுதாசி எல்லாம் அவருக்கே வரட்டும்!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அந்த நட்சத்திரக் குறியின் மேல்தான் யோசனை போயிற்று.

கட்டாயம் என்று நட்சத்திரம் போட்டுவிட்டால் உண்மை வந்து சேர்ந்துவிடும் என்பது இரண்டாவது தப்பெண்ணம். கட்டாயத்தினால் கிடைப்பது ஏதோ ஒரு பதில், அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்ற ஒன்று தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. இருக்கிறது என்று பாரம் அடித்துச் சொன்னால் சிலர் ஒரு புள்ளி வைக்கிறார்கள். சிலர் ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள். சிலர் தம் பெயரையே இரு முறை எழுதுகிறார்கள். இது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரமும் அல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஒரு மனிதனின் பிரயாணமே நின்றுபோகக் கூடும்.

யந்திரம் தவறுகளைப் பிடித்துவிடும் என்பது மூன்றாவது. அது உருவத்தைத்தான் பார்க்கும். டெலிபோன் நம்பரில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணும்; அது உங்கள் நம்பர்தானா என்று அதற்குத் தெரியாது. சென்னையின் 044-ஐக் கணக்குத் தாள் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால், முன்னால் உள்ள சைபரைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 3-4 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி. அமெரிக்க வழக்கப்படி மார்ச் நான்காம் தேதி. குமாஸ்தாவாவது சந்தேகம் வந்தால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இது என்ன ஐயா?" என்று கேட்பார்.

சேர்த்து வைப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது நாலாவது. ஒரு நாள் உல்லாசப் பயணத்துக்கு ஆள் சேர்க்கிற பாரத்தில் ஆதார் நம்பரும் வருமானமும் எதற்கு? 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன காரியத்துக்கு வேண்டிய அளவுக்குத்தான் சம்மதம் செல்லும் என்கிறது. சட்டம் வராவிட்டாலும் இது மரியாதை தெரிந்தவர்கள் அறிந்த விஷயந்தான். விருந்துக்கு வந்தவரிடம் சம்பளம் கேட்பதுண்டா?

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் வேர்: பாரம் செய்ய ஒன்றும் தெரிய வேண்டாம் என்பது. யந்திர பாஷை தெரிய வேண்டாம் என்பது மெய். ஆனால் பதில் சொல்லப்போகிற மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும். காகிதத்தால் ஆகாத ஒரு காரியம் மின்னணுப் பாரத்தால் ஆகும்: குழந்தை இல்லை என்று சொன்னவரிடம் குழந்தையின் வயதைக் கேட்காமல் தாண்டிப் போகும். அப்படித் தாண்டச் சொல்லிக் கொடுப்பது மனிதன் வேலை. 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்களை எண்ணிப் பழகிய தேசம் இது. 2027-ஆம் வருஷத்துக் கணக்கைக் கைப்பேசிச் செயலியில் எடுப்பதென்று தீர்மானித்தபோது, 2025 நவம்பர் 10 முதல் 30 வரை சில பகுதிகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவ்வளவு அநுபவத்துக்கே சோதனை வேண்டியிருக்கிறது என்றால், நேற்று ராத்திரி செய்த பாரத்தை இன்று காலை இருநூறு பேருக்கு அனுப்புவது எந்த நியாயம்?

மந்தைவெளி என்ற பெயரிலேயே மாட்டு மந்தை இருக்கிறது. மந்தையை எண்ணுவது சுலபம். தலையை எண்ணினால் போதும். மனிதர்களைக் கேட்டுத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. ஆகவே, பாரம் செய்கிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அனுப்புவதற்கு முன் வீட்டில் உள்ள மூத்தவர் யாரிடமாவது கைப்பேசியைக் கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். அவர் எந்தக் கட்டத்தில் தயங்குகிறாரோ, அந்தக் கட்டத்தில் நட்சத்திரம் வேண்டாம்.