பிடுங்கலாமா, விட்டுவிடலாமா?

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்பே பெரியவர் ஒரு முடிவு எடுத்திருந்தார். கிணற்று மேட்டில் நிற்கிற அத்தி மரத்தைக் காட்டலாம். பட்டியில் இருக்கிற ஆடுகளைக் காட்டலாம். மேற்கே இருக்கிற 60 சென்ட் நெல் வயல் பக்கம் மட்டும் யாரையும் கூட்டிப்போகக் கூடாது.

பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்தில், கீழ்ப்பழனி மலை அடிவாரத்தில் இருக்கிறது சேவுகம்பட்டி. தை மாதம் அழகர் பெருமாள் கோயிலில் கூடை கூடையாக வாழைப்பழத்தைச் சூறை விடுகிற ஊர். பெரியவருக்கு இங்கே ஒன்றரை ஏக்கர் நிலம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வாழை, மிச்சம் நெல். நாற்று நட ஆள் கிடைக்காததால், இந்த முறை முதல் தடவையாக நெல்லை நேரடியாகக் கையால் விதைத்தார். விதைப்பு முடிந்த நேரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முதல் களை எடுக்க வேண்டிய 20-ம் நாள் தள்ளிப்போனது. 55-ம் நாளில் பார்த்தால், நெல்லுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு வயல் முழுக்கக் குதிரைவாலிப் புல்.

திருப்பூரில் வேலை பார்க்கிற மகன் போனில், "உழுது விட்டுருங்கப்பா. சாப்பாட்டுக்கு அரிசி வாங்கிக்கலாம்" என்றான். திங்கட்கிழமை டிராக்டர் வருவதாகச் சொல்லி வைத்தாயிற்று.

வந்தவர்கள் திண்டுக்கல்லில் உள்ள ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், 24 பேர். பைபிள் காலத்துச் செடிகள், விலங்குகள், சாப்பாடு ஆகியவற்றை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்த வேலை. அழைத்து வந்த டீச்சர் விவரம் சொன்னார். இஸ்ரேலில் நியோட் கெதுமிம் என்று ஓர் இடம். மண் அரித்துப்போய் வெறுமையாகக் கிடந்த குன்றுகளுக்கு மண் கொண்டுவந்து போட்டு, பைபிளில் வருகிற மரம் செடிகளை நட்டிருக்கிறார்கள். சுமார் 625 ஏக்கர். நோகா ஹாருவேனி என்பவர் முன்னின்று உருவாக்கினார். 1994-ல் அதற்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது. "அங்கே போக நமக்கு வசதியில்லைங்கய்யா. அங்கே இருக்கிறதுல எது நம்ம ஊர்லயும் இருக்குன்னு பார்க்கலாம்னு வந்தோம்" என்றார்.

முதலில் அத்தி மரம். பிள்ளைகள் பூவைத் தேடினார்கள். பெரியவர் ஒரு பழத்தைப் பறித்துப் பேனாக்கத்தியால் இரண்டாகப் பிளந்தார். உள்ளே நுணுக்கமாகப் பூக்கள். கூடவே சின்னஞ்சிறு குளவிகள். "அத்தி பூத்த மாதிரின்னு சும்மாவா சொன்னாங்க? பூ உள்ளுக்குள்ளதான் இருக்கு. இந்தக் குளவி உள்ள போனாத்தான் மகரந்தச் சேர்க்கையே நடக்கும்" என்றார். டீச்சர் தொடர்ந்தார்: பைபிளில் அத்தி என்று வருவது கடையில் உலர்த்தி விற்கிற சீமை அத்தி. குள்ளமான சகேயு ஏறிய காட்டத்தி வேறு மரம். நம்ம ஊர் அத்திக்கு நெருங்கிய சொந்தம். அந்தக் காயைக் கத்தியால் லேசாகக் கீறிவிட்டால் சீக்கிரம் பழுக்கும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருந்தது.

பட்டியில் ஒரு சிக்கல் வந்தது. செம்மறியாடு எது, வெள்ளாடு எது? பாதிப் பிள்ளைகள் தப்பாகக் கை காட்டினார்கள். நம்ம பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. பார்க்க வெள்ளாடு மாதிரியே இருக்கும். "வாலைப் பாருங்க. தூக்கிக்கிட்டு நின்னா வெள்ளாடு. கீழே தொங்குனா செம்மறி." அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தப்புச் சொல்லவில்லை. இரண்டையும் மேய்ப்பன் தனித்தனியாகப் பிரிக்கிற கதை பைபிளில் வருகிறது என்றார் டீச்சர். காசைத் தொலைத்த இளைய மகன் பன்றித் தீனியைத் தின்ன ஆசைப்பட்ட கதையும் வருகிறது. தமிழ் பைபிளில் அதைத் தவிடு என்று எழுதியிருக்கிறார்கள். மூலத்தில் அது கரோப் என்ற மரத்தின் நெற்று. "நம்ம ஆடு கருவேலங்காய் திங்குற மாதிரி" என்றார் பெரியவர்.

மத்தியானம் மர நிழலில் சாப்பாடு. பெரியவரின் மனைவி கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் வைத்திருந்தார். பிள்ளைகள் மாதுளை, திராட்சை, பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்கள். நெல், தென்னை, வாழை மூன்றும் பைபிளில் ஓர் இடத்தில்கூட இல்லை என்று கேட்டதும் அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். "அப்ப ஏழைபாழை என்னத்தத் தின்னுச்சு?" என்றார். வாற்கோதுமை ரொட்டி என்றார் டீச்சர். வறட்சியைத் தாங்கும், விலையும் குறைவு. "நமக்குக் கம்பு மாதிரி. அப்படிச் சொல்லுங்க."

சாப்பிட்டு முடித்ததும் ஒரு பையன் மேற்கே கை நீட்டினான். "தாத்தா, அங்கே என்ன பயிர்?"

பெரியவர் பதில் சொல்வதற்குள் நான்கைந்து பேர் வரப்பில் ஓடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் போனார்.

வயலைப் பார்த்ததும் டீச்சர் நின்றுவிட்டார். கோதுமைக்குள் களை முளைத்த கதையைத்தான் அடுத்துச் சொல்வதாக இருந்தார். அந்த ஊர்க் களை பார்ப்பதற்குக் கோதுமை போலவே இருக்கும். கதிர் வந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"இதுவும் அப்படித்தான்" என்றார் பெரியவர். கூச்சம் போய்விட்டது. குனிந்து இரண்டு தூரையும் பிரித்துக் காட்டினார். இலை தண்டோடு சேருகிற இடத்தில் நெல்லுக்குச் சின்ன நாக்கு மாதிரி வெள்ளைச் சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலிப் புல்லில் அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். "கதிர் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க இதுதான் வழி."

அந்தப் பையன் உற்சாகத்தில் ஒரு புல்லைப் பிடித்து இழுத்தான். கூடவே மூன்று நெல் தூர்கள் வேரோடு வந்தன. கையில் பிடித்தபடி திருதிருவென்று விழித்தான்.

"அந்தக் கதையிலயும் இதுதான் நடக்கும்" என்றார் டீச்சர். வேலையாட்கள் பிடுங்கட்டுமா என்று கேட்கிறார்கள். களையோடு கோதுமையும் வந்துவிடும், அறுப்பு வரை இரண்டும் வளரட்டும் என்கிறார் நிலத்துக்காரர். அறுக்கும்போது களையைத் தனியாகக் கட்டி எரிக்கச் சொல்கிறார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிடுங்காதேன்னு சொன்னது சரிதான். கைவிதைப்புல வேர் பின்னிக்கிரும். ஆனா அறுப்பு வரைக்கும் விடுறதுங்கிறது இந்தப் புல்லுக்கு ஆகாது டீச்சர். நெல்லு முத்துறதுக்குள்ள இது முத்தி உதிர்ந்துரும். ஒரு தூரு ஆயிரக்கணக்குல விதை போடும். அடுத்த வருஷம் வயலே அதுக்குத்தான்."

அந்த ஊர்க் களை அப்படி உதிராது, கோதுமையோடு சேர்ந்து முத்தி அறுவடைக்கு நிற்கும் என்றார் டீச்சர். அங்கே காத்திருந்ததற்கு அதுதான் காரணம். களைக்குக் களை வைத்தியம் வேறு.

"அப்ப பிடுங்கவும் கூடாது, விடவும் கூடாதுன்னா என்னதான் தாத்தா பண்றது?" என்றான் பையன்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு அவர் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் வண்டி ஏறிய பிறகு வரப்பில் உட்கார்ந்து யோசித்தார். இரவு டிராக்டர்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு அரிவாளோடு இறங்கினார்கள். வேரைத் தொடவில்லை. நெல்லுக்கு மேலே நீட்டியிருந்த புல்லின் தலையை மட்டும், பால் பிடிப்பதற்கு முன்பே அறுத்தார்கள். நான்கு காலை வேலை. அறுத்ததெல்லாம் மாட்டுக்குப் பச்சைத் தீவனம். பத்து நாள் கழித்துக் கீழிருந்து கிளைத்து வந்த கதிர்களுக்காக இன்னொரு சுற்று.

வழக்கமாக வருகிற விளைச்சலில் முக்கால் பங்குதான் வீட்டுக்கு வந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கு அது போதும். அடுத்த போகத்துக்கு அவர் திட்டம் தயார். முதலில் தண்ணீர் விட்டுக் களையை முளைக்க வைத்து, அதை உழுது அழித்துவிட்டு, அப்புறம்தான் விதைப்பு. அதுவும் வரிசை விதைப்பு. கோனோவீடர் ஓட்ட இடம் இருக்கும். காய்ச்சல் வந்தாலும் 20-ம் நாள் களைக்கு ஆள் சொல்லிவிட வேண்டும்.

அறுப்பு முடிந்ததும் டீச்சருக்குப் போன் செய்து அவர் சொன்னது ஒன்றுதான். "அன்னிக்குக் கேள்வி கேட்டானே ஒரு பையன், அவன்கிட்டச் சொல்லுங்க. தலையை மட்டும் அறுத்தோம்னு."