பலமும் பழமும்

மொழியியல் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் முதலில் எழும் கேள்வி, "அப்ப சேருக்கு எத்தன பாஷ தெரியும்?" என்பதுதான். தமிழும் சிங்களமும் பேசுவேன், ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், அரபு எழுத்துக்களைக் கூட்டி ஓதுவேன் என்று பதில் சொல்வேன். கேட்டவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். இவ்வளவும் ஊரில் அநேகருக்குத் தெரியும். கொழும்பில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கூடவே தெரியும்.

மொழியியல் என்பது பல மொழிகளைப் பேசப் பழகும் படிப்பல்ல. மனிதர் பேசும் மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் படிப்பு அது. தாவரவியல் படிப்பவர் ரோசாவையும் தொட்டாச்சுருங்கியையும் ஒரே கவனத்தோடு பார்க்கிறார். ஒன்று பூந்தோட்டத்தில் இருக்கிறது, மற்றது வேலியோரம் கிடக்கிறது என்பது அவருக்கு முக்கியமல்ல. மொழியியலும் அப்படித்தான். பண்டிதரின் மேடைத் தமிழையும் எங்கள் உம்மாமாரின் குசினித் தமிழையும் அது ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த இலக்கணம் நன்னூல் வழிப்பட்டது. எது வழு, எது வழாநிலை என்று அது கற்றுத் தந்தது. தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு அது அவசியம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் பிள்ளை ஏன் அப்படிப் பேசுகிறது என்ற கேள்விக்கு அங்கு விடை இருக்கவில்லை. பின்னர் எம்.ஏ. நுஃமான் அவர்களின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) கைக்குக் கிடைத்தது. இன்று நாம் எழுதும் தமிழையே எடுத்து மொழியியல் நோக்கில் விளக்கும் நூல் அது. அந்த நூலே என்னை இந்தப் பக்கம் திருப்பியது எனலாம். வெளிவாரியாகப் பட்டம் பெற்ற பிறகு, மொழியியலுக்கெனத் தனித் துறை கொண்ட களனிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பில் சேர்ந்தேன். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு குருநாகலுக்கு வந்து கொழும்புக்குப் போகும் 6ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கண்டி வீதியில் பல்கலைக்கழக வாசலிலேயே இறங்கலாம். வகுப்பில் சிங்கள ஆசிரியைகள், ஆங்கிலம் கற்பிப்போர், ஒரு பௌத்த பிக்கு என்று பலரும் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் சசூரைப் பற்றிப் படித்தோம். நவீன மொழியியலின் தந்தை எனப்படும் பெர்டினண்ட் த சசூர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்தவர். 1913இல் காலமானார். அவருடைய பெயரை உலகறியச் செய்த நூல் 1916இல்தான் வெளிவந்தது. அதை அவர் எழுதவில்லை. மாணவர்கள் எடுத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு அவருடன் பணியாற்றிய இருவர் தொகுத்தார்கள். "கொப்பியில எழுதுங்க" என்று தினமும் சத்தமிடும் எங்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி. பேச்சே மொழியின் முதல் வடிவம், எழுத்து அதன் பின்னால் வருவது என்பது அவர் வலியுறுத்திய கருத்துக்களில் ஒன்று.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஒலியியல் பாடம். விரிவுரையாளர் கரும்பலகையில் மனிதத் தலையைப் பக்கவாட்டில் வெட்டியது போன்று ஒரு படம் வரைந்தார். தொண்டை, உள்நாக்கு, அண்ணம், முரசு, பல், உதடு என்று இடங்களைக் குறித்தார். ஒவ்வோர் ஒலியும் எந்த இடத்தில், எந்த விதமாகப் பிறக்கிறது என்று விளக்கினார். பக்கத்திலிருந்த சிங்கள ஆசிரியை புதிய பெயர்களை அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார். எனக்கோ அது ஏழெட்டு வயதில் கேட்ட பாடமாகவே இருந்தது. குர்ஆன் மத்ரஸாவில் லெப்பை கற்றுத் தந்த மக்ரஜ் இதுதானே!

ஹே தொண்டையின் அடியிலிருந்து வரும், ஹா தொண்டையின் நடுவிலிருந்து வரும். காஃபுக்கு இன்னும் பின்னால் நாக்கின் அடியில் பிறப்பது கனத்த காஃப். இந்தக் காஃபை அந்தக் காஃபாக ஓதினால் கல்பு நாயாகிவிடும் என்று லெப்பை எச்சரித்தது இங்கு பலருக்கும் நினைவிருக்கும். அரபில் ஒரு கல்பு இருதயம், மறு கல்பு நாய். ஓர் ஒலி மட்டும் மாறுவதால் பொருளே மாறிப்போகும் இப்படியான சோடிச் சொற்களைக் கொண்டுதான் ஒரு மொழியின் ஒலியன்களை மொழியியலாளர் கண்டுபிடிக்கிறார்கள். லெப்பைக்கு ஒலியன் என்ற சொல் தெரியாது. விடயம் தெரிந்திருந்தது.

இந்த அறிவு எங்களுக்கு வந்த வழியும் நீண்டது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு அகராதியொன்றை அமைத்தபோது எழுத்துக்களை வழமையான வரிசையில் வைக்கவில்லை. தொண்டையில் பிறக்கும் 'ஐன்' முதல் உதடு வரை, அவை பிறக்கும் இட வரிசையில் வைத்தார். அதனால் அந்த நூலுக்கே 'கிதாபுல் ஐன்' என்று பெயர். அவருடைய மாணவரான பாரசீகத்தைச் சேர்ந்த சீபவைஹி, அரபு ஒலிகளுக்குப் பதினாறு மக்ரஜ்களை வகுத்துக் காட்டினார். நமது தொல்காப்பியரும் பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்கிறார். மத்ரஸாவுக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் சம்பந்தமில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, இரண்டும் ஒரே வாயைப் பற்றித்தான் பேசியிருக்கின்றன.

இதைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் தரம் 7இல் ஒரு மாணவி இருந்தாள். கிராஅத் ஓதினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பேச்சிலும் கெட்டிக்காரி. மரம் நடுதல் பற்றிய ஒரு பேச்சுப் போட்டிக்கு அவளை அனுப்பினோம். நன்றாகவே பேசினாள். ஆனால் "பழ மரங்கள்" என்று வந்த இடங்களிலெல்லாம் "பல மரங்கல்" என்றாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். ல, ள, ழ மூன்றும் எங்கள் வாயில் ஒன்றுதான். ண, ன இரண்டும் ஒன்றுதான். முடிவில் நடுவர் ஒருவர் ஒலிவாங்கியிலேயே, "இது தமிழ்ப் பேச்சா, சோனகப் பேச்சா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அதன் பிறகு அந்தப் பிள்ளை தமிழ் வகுப்பில் கை உயர்த்தவில்லை. கேட்டால் மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வாள்.

அடுத்த வாரம் களனியில் இதை என் பக்கத்து ஆசிரியையிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கட பிள்ளைகளுக்கும் அதே கரைச்சல்தானே" என்றார் சிங்களத்தில். சிங்களத்தில் இரண்டு லகரங்களும் இரண்டு னகரங்களும் எழுத்தில் உண்டு. பேச்சில் அந்த வேறுபாடு இல்லை. எந்தச் சொல்லில் எது வரும் என்பதை 'ன-ண-ல-ள பேதய' என்று தனியாகப் படிக்க வேண்டும். பேராசிரியர்களுக்கும் அகராதி தேவைப்படுவதுண்டு என்றார். அதற்காகச் சிங்களப் பிள்ளையின் நாக்கு திருந்தாத நாக்கு என்று அங்கு யாரும் சொல்வதில்லை.

எங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். தலைமுறை தலைமுறையாகச் சந்தையிலும் வயலிலும் கலந்து வாழ்கிறோம். எங்கள் பேச்சு இப்படியானதற்கு அது ஒரு காரணமாகலாம். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று முடிவுகட்டவும் முடியாது. தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் ழகரம் பேச்சில் ளகரமாகிவிட்டது. அங்கு பழம் 'பளம்' ஆனது. இங்கு ஒரு படி மேலே போய் 'பலம்' ஆயிற்று. இரண்டும் ஒழுங்கோடு நடக்கும் மாற்றங்கள். எங்கள் பிள்ளை ஒரு சொல்லில் மட்டும் தவறுவதில்லை. எல்லாச் சொல்லிலும் ஒரே விதிப்படி பேசுகிறது. விதி இருக்கும் இடத்தில் அதைக் கொச்சை என்று தள்ளிவிட மொழியியல் சம்மதிக்காது.

இதே பிரச்சினை அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்னும் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் சிலரின் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். வீட்டில் பேசும் ஆங்கிலத்தைப் பாடசாலை கணக்கில் எடுக்காததால் தங்கள் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்குகிறார்கள் என்பது அவர்களின் வாதம். மொழியியலாளர் வில்லியம் லபோவ் சாட்சியமளித்தார். அந்தப் பேச்சுக்கு உரிய இலக்கணம் உண்டு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1979இல் நீதிபதி சார்ள்ஸ் ஜொய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொள்ளவும், அந்த அறிவைக் கொண்டு வாசிப்பைக் கற்பிக்கவும் வழி செய்யுமாறு கல்விச் சபைக்கு உத்தரவிட்டார். பொது ஆங்கிலம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் போகும் பாதை வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அப்படியானால் எங்கள் வாசல் எது? யோசித்தபோது மத்ரஸாதான் நினைவுக்கு வந்தது. ஸா, ஸீன், ஸாத் என்ற மூன்றையும் பிழையின்றிப் பிரித்து ஓதுகிற ஒரு பிள்ளைக்கு ல, ள, ழ வராது என்று எப்படிச் சொல்வது? நாக்கில் குறையில்லை. முந்தையதற்கு இடம் காட்டிக் கொடுத்தார்கள், பிந்தையதற்கு யாரும் காட்டவில்லை.

ஒரு நாள் அந்த மாணவியிடமே கேட்டேன்.

"மகள், 'ல'வுக்கு மக்ரஜ் எங்க?"

தமிழ்ப் பாடத்தில் இப்படியொரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "லாம் மாதிரித்தான் சேர். மேல் பல்லு முரசுல நாக்கு நுனி படுது" என்றாள்.

"சரி, இப்ப நுனிய பின்னுக்கு மடக்கி அண்ணத்துல வை. அதுதான் 'ள'. மடக்கின நாக்கு அண்ணத்துக்குக் கிட்டப் போகட்டும், ஆனா தொட வாணாம். அதுதான் 'ழ'."

வகுப்பே நாக்கை மடக்கிப் பார்த்தது. சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. 'வலி, வளி, வழி' என்று சோடி சேர்த்துச் சொல்ல வைத்தேன். இரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று ஒலியும் வந்துவிட்டன. அதனால் எழுத்துப் பிழை மறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எந்தச் சொல்லில் எந்த எழுத்து என்பதை வாசித்து, எழுதித்தான் மனதில் பதிக்க வேண்டும். ஆனால் முன்பு ஒரே ஓசைக்கு மூன்று எழுத்தை மனனம் செய்த பிள்ளைகளுக்கு இப்போது மூன்று ஓசைகள் காதில் விழுகின்றன. பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் அவர்கள் 'வாலப்பலம்' என்றே சொல்கிறார்கள். சொல்லட்டும். 1959இல் சார்ள்ஸ் பெர்குசன் என்னும் அறிஞர், ஒரே சமூகம் ஒரு மொழியின் இரு வடிவங்களை வெவ்வேறு தேவைக்குப் பயன்படுத்துவதை 'இரட்டை வழக்கு' என்று விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபும் ஒன்று. குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பிய எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் சுகம் விசாரிக்க "ஷ்லோனக்" என்பார். மௌலவியோ "கைஃப ஹாலுக" என்பார். அந்தப் பெண்மணியின் அரபு பிழையானதென்றால் குவைத் முழுவதும் பிழையாகப் பேசுகிறது என்றாகும். அவரவர் சொல்லுக்கு அவரவர் இடம் உண்டு. எங்கள் பேச்சுத் தமிழுக்கும் அப்படித்தான். ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும், ஈதைப் பெருநாள் என்றும் தூய தமிழில் சொல்லி வருகிற ஒரு சமூகத்தின் தமிழை, ஓரிரு ஒலிகளை வைத்துத் தமிழல்ல என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

தவணை முடிவதற்குள் அந்த மாணவி மீண்டும் கை உயர்த்தினாள். பாடத்தில் இல்லாத ஒரு கேள்வி. "சேர், 'ழ' ஏன் அரபில இல்ல?" மனித வாயில் பிறக்கக்கூடிய ஒலிகள் ஏராளம், ஒவ்வொரு மொழியும் அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்றேன். அரபில் பகரமும் இல்லை. ஆகவே அரபுத்தமிழ் எழுதிய நமது முன்னோர், அரபு எழுத்துக்களில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துத் தமிழ் ஒலிகளுக்கு எழுத்து ஆக்கிக்கொண்டார்கள் என்றும் சொன்னேன். அரபெழுத்தில் எழுதும்போதும் தமிழின் ஒலிகளைக் கைவிட அவர்கள் விரும்பவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் ஒலியியலுக்கெனச் சில மணித்தியாலங்கள் ஒதுக்கினால் போதும். முஸ்லிம் பாடசாலைகளில் தமிழாசிரியரும் மௌலவி ஆசிரியரும் ஒரு தடவை சேர்ந்திருந்து இரு மொழி எழுத்துக்களின் பிறப்பிடங்களையும் ஒரே படத்தில் வரைந்து சுவரில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. அதற்குப் பெரிய செலவில்லை, ஒரு பிறிஸ்டல் போர்ட் போதும்.