சந்தாபுரா: தண்ணீர் இறங்கும் வழி

ஓசூர் சாலையில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது சந்தாபுரா. பஸ்ஸிலிருந்து பார்த்தால் தட்டையான ஊர்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஏரி வெட்டியவர்களுக்கு மண்ணின் சரிவு தெரிந்திருந்தது. மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் 'ராஜகாலுவே' எனும் ஓடை வழியே கீழ் ஏரிக்குப் போகும். வண்டல் ஏரியில் தங்கும், கிணறுகள் ஊறும்.

அதே சரிவு பிறகு வேறு சரக்கையும் சுமந்தது. தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் சந்தாபுரா ஏரியில் கலந்து, கீழேயுள்ள முத்தநல்லூர் ஏரிக்கும் இறங்கின. 2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. சின்ன ஏரிக்கு இவ்வளவா என்று புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. இந்தப் பக்கம் தென்பெண்ணைப் படுகை. ஆறு இங்கிருந்து ஓசூருக்குத்தான் வருகிறது.