கசூலேயும் வம்பன் உளுந்தும்

கசூலேயில் கோழி போடலாமா என்று துலூஸில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அரை மணி நேரம் பாடம் நடத்துவார்கள். வாத்துக்கால்தான் போட வேண்டும், அதையும் அதன் கொழுப்பிலேயே வேகவைத்து, அந்தக் கொழுப்பிலேயே முழுகவிட்டு, மாதக்கணக்கில் வைத்திருந்து எடுத்திருக்க வேண்டும் என்பார் ஒருவர். பன்றிக்கறி இல்லாமல் என்ன கசூலே என்பார் பக்கத்தில் நிற்பவர். கர்காசோன்காரர் யாராவது அங்கே இருந்துவிட்டால் ஆட்டுத்தொடையும் கௌதாரியும் பேச்சில் வந்து சேரும். தென்மேற்கு பிரான்சில் இந்த ஒரு சட்டிச் சமையலுக்காக மூன்று ஊர்கள் வழக்காடிக்கொண்டிருக்கின்றன: காஸ்தெல்நோதாரி, கர்காசோன், துலூஸ். 'லாரூஸ் காஸ்த்ரோனோமிக்' என்ற சமையல் கலைக்களஞ்சியத்தை 1938இல் கொண்டுவந்த ப்ரோஸ்பேர் மோந்தாஞே கர்காசோனில் பிறந்தவர். அவர் இந்த வழக்கைத் தீர்க்கப் பார்த்தார். காஸ்தெல்நோதாரி பிதா, கர்காசோன் சுதன், துலூஸ் பரிசுத்த ஆவி என்று ஆளுக்கொரு பட்டம் பிரித்துக் கொடுத்தார். வழக்கு அப்படியேதான் இருக்கிறது.

இவர்கள் கறிக்காக இவ்வளவு சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்பதைக் கவனிக்க எனக்குச் சில குளிர்காலங்கள் பிடித்தன. சட்டியில் முக்கால்வாசி வெள்ளை அவரைதான். வாத்து, சாசேஜ், பன்றித்தோல் எல்லாம் அந்த அவரைக்குச் சாறு கொடுக்க வந்தவை. அடி குறுகி வாய் அகன்ற மண்சட்டியில் அவரையையும் கறியையும் அடுக்கி, மிதமான அடுப்பில் மணிக்கணக்காக விட்டால் மேலே பொன்னிறத்தில் ஒரு ஆடை படியும். அதைக் கரண்டியால் உடைத்து உள்ளே அமுக்குவார்கள். மறுபடி படியும், மறுபடி உடைப்பார்கள். ஏழு தடவை உடைக்க வேண்டும் என்பது சாஸ்திரம். இந்தச் சட்டியை வனைவதற்குப் பேர்போன ஊர் காஸ்தெல்நோதாரி பக்கத்திலுள்ள இஸ்ஸேல் கிராமம்.

இதற்கு ஒரு தலபுராணமும் உண்டு. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயப் படை காஸ்தெல்நோதாரியை வளைத்துக்கொண்டபோது, பசியோடிருந்த ஊர்ச்சனம் மிச்சம் மீதி இருந்த பயறையும் கறியையும் ஒரே பானையில் கொட்டி வேகவைத்ததாம். அதைத் தின்ற வீரர்கள் எதிரியைக் கடற்கரை வரை விரட்டினார்களாம். 1355இல் கறுப்பு இளவரசன் எட்வர்ட் வந்து அந்த ஊரைக் கொளுத்தியது வரலாறு. விரட்டியது மட்டும் கதை. இன்னொரு இடறலும் இருக்கிறது. இன்று கசூலேயில் போடும் அவரை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1355இல் ஐரோப்பாவில் எவரும் அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அப்போது அங்கே இருந்தவை பாக்லா அவரையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த காராமணியும். காராமணி என்றால் நாங்கள் தட்டைப்பயறு என்று சொல்வது. அப்படி ஒரு பானை அன்று வெந்திருந்தால், அதைப் புதுக்கோட்டைச் சீமைக்காரர் எவரும் தயங்காமல் சோற்றில் ஊற்றிக்கொண்டிருப்பார்.

நான் திருவரங்குளத்துக்காரி. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் வழியில், அரிதீர்த்தேஸ்வரர் கோயில் உள்ள ஊர். சுற்றிலும் செம்மண், கண்மாய், முந்திரிக்காடு, பின்னாளில் எல்லாவற்றையும் தின்றுகொண்டு வளர்ந்த தைலமரக்காடு. கறி தினம் கிடைக்காத வீடுகளில் பயறையும் காய்ந்த கறியையும் சேர்த்து வேகவைப்பது எங்களுக்குப் புதிதல்ல. மொச்சையும் கருவாடும் சேர்ந்த குழம்பு இருக்கிறது. கிடா வெட்டிய பிறகு மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் கொடியில் காயப்போடும் உப்புக்கண்டம் இருக்கிறது. நாலு துண்டு போட்டால் ஒரு சட்டிக் குழம்பும் மணக்கும். நான் இப்போது இருக்கும் துலூஸ் பக்கத்தில் கறி காய்கிற அளவு வெயில் இல்லாததால் கொழுப்பில் முழுக்கினார்கள், குடலில் அடைத்தார்கள். குளிர்காலத்தில் பன்றி அறுத்து, அடுத்த குளிர்காலம் வரை ஓட்டிய குடும்பங்களின் கணக்குதான் சாசேஜும். வாத்துக்கறி விருந்துச் சாப்பாடாக ஆனதெல்லாம் பிறகு.

அதனால் கோழி போடுவதில் எனக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. வீட்டில் பன்றி சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டில் அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி இருக்கிறார், அவரும் சாப்பிடமாட்டார். அவர் வெள்ளை அவரையை ஜீரகம், பூண்டு, மிளகாய்த்தூளோடு வேகவைத்து லூபியா செய்வார். ஹலால் கடையில் கோழி சாசேஜும், மெர்கேஸ் என்கிற ஆட்டுக்கறி சாசேஜும் வாங்க எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். மெர்கேஸ் சட்டி முழுவதையும் சிவப்பாக்கிவிடும், அதனால் எண்ணிக்கையாகத்தான் போடுவேன்.

ஆறு பேருக்கு அரைக்கிலோ அவரை. முதல் நாள் இரவே, கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைக்கிறேன். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று ஊரிலும் சொல்வார்கள், இங்கும் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் தப்பு. உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் இளகும். வேகவிடாமல் பிடித்துவைப்பது புளிப்பும் சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரும்தான். பருப்பு மசிந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்று என்று அப்பத்தா சொன்னதற்கும், அவரை இளகிய பிறகே தக்காளியைப் போடு என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வதற்கும் ஒரே காரணம்.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும், குறைந்தது பத்து நிமிடம். இதைச் சும்மா சொல்லவில்லை. இந்த அவரை இனத்தில், அதிலும் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் என்று ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நல்ல கொதி வந்தால் அது செத்துவிடும். கொதிக்காமல் வெதுவெதுப்பிலேயே கிடந்தால் வீரியம் கூடும். ஸ்லோ குக்கரில் அவரையை நேரே போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வருவது இதனால்தான். கொதித்த நீரையும் கொட்டிவிட்டு, கிராம்பு குத்திய முழு வெங்காயம், கேரட், பூண்டு, பிரியாணி இலை, தைம் தழை போட்டு ஒரு மணி நேரம் மெல்ல வேகவைக்கிறேன். அவரை விரலில் நசுங்க வேண்டும், தோல் உரியக் கூடாது.

கோழியில் கால்தான், நெஞ்சு வேண்டாம். நெஞ்சுக்கறி இவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தால் நாராகிவிடும். வாத்துக்கொழுப்பு சிறு டப்பாவில் கிடைக்கிறது. ஒரு கரண்டி எடுத்துக் காலைச் சிவக்க வதக்கி, அதே சட்டியில் சாசேஜையும் புரட்டி, பிறகு வெங்காயம் பூண்டு வதக்கி ஒரு தக்காளி. எல்லாவற்றையும் அவரையோடு அடுக்கி, வெந்த தண்ணீரை மேல்மட்டம் நனையும் அளவு ஊற்றி, 150 டிகிரியில் இரண்டரை மணி நேரம். ஆடை படியப் படிய உடைக்க வேண்டியது. மிளகை இடித்துப் போடுவதோடு என் கைவரிசை முடிந்துவிடும். கரம் மசாலா போட்டு 'இந்தியக் கசூலே' செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அது இரண்டு சமையலுக்கும் செய்கிற அவமரியாதை.

அம்மா வீடியோவில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரு அவரைக்கொட்டைய வேகவைக்க மூணு மணி நேரமா? கேஸு என்னத்துக்கு ஆகுறது?" என்றாள். குக்கர் இருக்கிறதுதானே என்பது அவள் கேள்வி. இருக்கிறது. குக்கரில் அவரை வேகும், சாறு ஏறாது. பிறகு அவளே, "அவரை என்ன விலை விக்கிது?" என்று கேட்டாள். சொன்னேன். ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "கோழிய விட அவரைக்கு விலை கூடவா?" என்றாள்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் வாங்கியது தார்ப் அவரை. பிரனே மலையடிவாரத்தில், தார்ப் நகரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் விளைவது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே மக்காச்சோளத் தட்டையில் கொடி ஏற்றி வளர்த்து, கையால் நெற்று பறித்து வந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீரிய மக்காச்சோளமும் அறுவடை இயந்திரமும் வந்ததும் இது கிட்டத்தட்ட அழிந்தே போயிற்று. 1980களில் சில விவசாயிகள் விதையைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பித்தார்கள். 1997இல் தர முத்திரை, 2000இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு. இன்று சாதாரண வெள்ளை அவரையைப் போல இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகிறது. சந்தையில் வாங்குகிறவர்கள் "அவரை கொடுங்கள்" என்பதில்லை, "தார்ப் கொடுங்கள்" என்கிறார்கள்.

ஊர்ப் பேர் சொல்லிக் கேட்கிற பயறு எங்கள் பக்கமும் உண்டு. திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடிப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் வம்பன் நால்ரோடு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு அது பஸ் நிறுத்தம், அவ்வளவே. உளுந்து போடுகிற விவசாயிக்குத்தான் அதன் அருமை தெரியும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் விழுந்தால் உளுந்தங்காடே மஞ்சளாகி நிற்கும், காய் பிடிக்காது. அந்த நோயைத் தாங்குகிற ரகங்களை ஒவ்வொன்றாக உருவாக்கியது இந்த மையம். வம்பன் 8 என்ற உளுந்து வெளிவந்தது 2016இல், ஐ.நா. சபை உலகப் பயறு ஆண்டாக அறிவித்த அதே ஆண்டு. எழுபது நாளுக்குள் ஒரே சமயத்தில் முற்றும், ஒரே தடவையில் அறுத்துவிடலாம். டெல்டாவரைக்கும் விதைக்கடையில், "வம்பன் எட்டு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெயர் விதை மூட்டையோடு நின்றுவிடுகிறது. அறுத்து, அடித்து, கமிட்டி என்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கியதும் அது வெறும் உளுந்து. மில்லில் உடைபட்டுத் தோல் போய் மளிகைக் கடைக்கு வரும்போது பர்மாவிலிருந்து வந்ததோடு கலந்தும் இருக்கலாம், யார் கண்டது. உலகத்தில் அதிகமாகப் பயறு விளைவிப்பதும் நாம், அதிகமாகத் தின்பதும் நாம், அதிகமாக இறக்குமதி செய்வதும் நாம். துலூஸில் இட்லிக்கு நான் வாங்கும் உளுந்துப் பொட்டலத்தில் விளைந்த ஊர் என்று எதுவும் இருக்காது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தில் குல்பர்கா துவரம்பருப்புக்கு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்துவிட்டது. இட்லி மாவு புளித்துப் பொங்குவதற்கு எந்த ஊர் உளுந்து நல்லது என்று நம் சமையலறைகளில் பேச்சே இல்லை. அரிசிக்கு ஊரும் ரகமும் பார்த்து வாங்குகிற நாம், பயறுக்கு விலையை மட்டும் பார்க்கிறோம். கறி வாங்க முடியாதவன் தின்பது என்ற நினைப்பு இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை என்று தோன்றுகிறது. இந்த ஊரிலும் பயறு ஏழையின் சாப்பாடாகத்தான் இருந்தது. இவர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே பெருமையாக்கிக்கொண்டார்கள்.

சித்தப்பா மகன் சம்பா அறுப்புக்கு முன்னால் நின்ற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பவன். ஈரம் காயுமுன் முளைத்து, பனியிலேயே வளர்ந்துவிடும். தார்ப் கதையை அவனுக்குப் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேரு போட்டு வித்தா மூட்டைக்கு எவ்வளவுக்கா கூடத் தருவான்?" என்றான். அங்கே பேரு மட்டும் போடவில்லை, எந்த எல்லைக்குள் விளைய வேண்டும், எந்த விதை, எப்படிப் பறிக்க வேண்டும் என்று விவசாயிகளே சேர்ந்து கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள் என்றேன். "இங்க நாலு பேரு ஒண்ணு கூடுறதுக்குள்ள கமிட்டிக்கு லாரி போயிருங்க்கா" என்றான். அது அவன் அனுபவம், நான் மறுத்துப் பேசவில்லை. பிறகு, அந்த அவரையில் ஒரு கைப்பிடி விதை அனுப்ப முடியுமா என்று கேட்டான். விதையை அப்படி அனுப்ப விடமாட்டார்கள், விட்டாலும் நம்மூர் வெயிலில் பூவெல்லாம் கொட்டிவிடும், பிஞ்சு நிற்காது என்றேன்.

"அப்ப கொடைக்கானல்ல போய் வெதைக்கச் சொல்றீங்க" என்று சிரித்தவன், மருந்தடிக்க ஆள் வந்துவிட்டது, சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.