கதவில்லாத வீட்டிற்கும் அனுமதி உண்டு

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில், குர்பானி ஆட்டின் விலை விசாரிப்பதற்காக பஜ்ரு தொழுகை முடிந்ததும் அய்யலூர்ச் சந்தைக்குக் குடும்பத்துடன் சென்றோம். வியாழன்தோறும் கூடும் அச்சந்தையைத் திண்டுக்கல் முஸ்லிம்களில் அறியாதவர் குறைவு. திரும்பும் வழியில், வடமதுரைக்கு அருகே அறுவடை முடிந்த வயலொன்றில் செம்மறி ஆட்டுக் கிடை போடப்பட்டிருந்தது. பிள்ளைகள் பார்க்க விரும்பியதால் வண்டியை நிறுத்தினோம்.

முந்தைய வாரம்தான் எங்கள் மகன், கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் மஸாய் மக்களைப் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்திருந்தான். சிவப்புப் போர்வை, கையில் கோல், முள்வேலி சூழ்ந்த குடியிருப்பு, நடுவே மாட்டுப் பட்டி என அனைத்தும் அவன் மனத்தில் பதிந்திருந்தன. "அத்தா, இவங்க நம்மூர் மஸாயா?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி கிடைக்குள் நுழைந்துவிட்டான். நாங்களும் சிரித்துக்கொண்டே பின்சென்றோம்.

மூன்று கல் அடுப்பில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த பெண்மணி, முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நாய் குரைத்தது; ஆடுகள் மிரண்டு ஒதுங்கின. தோளில் கம்பளியுடன் எழுந்து வந்த பெரியவர் கோபிக்கவில்லை. "தம்பி, இதுதான் எங்க வீடு. ஒரு குரல் கொடுத்திருந்தா, நாங்களே வாங்கன்னு கூப்பிட்டிருப்போமே" என்றார்.

நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம். பிறர் வீட்டிற்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையலாகாது என்னும் சூரா அந்நூரின் 27ஆவது வசனத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் நாங்கள்தாம். ஆனால் அந்த ஒழுக்கத்தைக் கதவும் சுவரும் உள்ள வீடுகளுக்கு மட்டுமே உரியதாக எண்ணியிருந்தோம் போலும். அச்சகோதரி திரும்பிக்கொண்டபோதுதான், இல்லாத அந்தக் கதவு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டோம். மகன் தானே முன்வந்து, எடுத்த படத்தை அவர் எதிரிலேயே அழித்தான். அதன் பிறகு பெரியவர் எங்களை அமர வைத்தார், கூழும் வந்தது. பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலில் அடைப்பார்கள்; புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும்; அதற்கு நிலத்துக்காரர் பணமோ தானியமோ தருவார்; பிறகு அடைப்பை அடுத்த பகுதிக்கு மாற்றுவார்கள். இளங்குட்டிகளைக் கூடையால் மூடி வைத்திருந்தார்கள். எந்தக் குட்டி எந்தத் தாயினுடையது என்பதை அப்பெண்மணி குரலைக் கேட்டே சொன்னார். பல மாதங்கள் சொந்த ஊரைப் பிரிந்து, மழையிலும் வெயிலிலும் இப்படியே வாழ்கிறார்களாம்.

எங்கள் ஊரின் பிரியாணியும், தோல் ஷாப்புகளும், பெருநாள் குர்பானியும் மேய்ப்பவர்களின் உழைப்பைச் சார்ந்தவை. இருந்தும் சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்த்த நாங்கள், அதை வளர்த்தவரின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி ஹதீஸில் காண்கிறோம். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஆண்டுக்கணக்கில் செய்த தொழிலும் அதுவே. அத்தொழில் செய்வோரையா நாங்கள் வேடிக்கைப் பொருளாக்கினோம்?

மஸாய் குடியிருப்பைக் காணச் செல்லும் பயணிக்கும், வடமதுரைக் கிடையருகே வண்டியை நிறுத்தும் நமக்கும் ஒழுக்கம் ஒன்றே. தள்ளி நின்று குரல் கொடுக்க வேண்டும். அழைத்தால் செல்ல வேண்டும். படமெடுக்குமுன் கேட்க வேண்டும். மறுத்தால் முகம் சுளிக்காமல் திரும்ப வேண்டும்.

விடைபெறும்போது பெரியவரே மகனை அழைத்து, "இப்ப எடுத்துக்க தம்பி" என்றார். அவன் கைப்பேசியை எடுக்கவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டான்.

பிறர் கண்ணியத்தைப் பேணும் விருந்தினர்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக! ஆமீன்.