பெயர் வைக்கிற வேலை

1834 ஏப்ரலில் மைக்கேல் ஃபாரடே லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குச் சில சொற்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஃபாரடே கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியபோது, பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்துக்குள் நுழைந்தவர். கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் அதிலுள்ள பொருள் பிரிந்து இரண்டு முனைகளில் போய்ச் சேர்வதை அளந்து, அதற்கு விதியும் கண்டுவிட்டார். முனைகளுக்குத்தான் சரியான பெயர் இல்லை. அதுவரை 'போல்' என்று சொல்லிவந்தார்கள். காந்தத்தின் துருவம் இழுப்பதுபோல இந்த முனையும் இழுக்கிறது என்ற அனுமானம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. சோதனைகள் காட்டியதோ வேறு. பழைய சொல்லை வாயில் வைத்துக்கொண்டு புதிய விஷயத்தைச் சொல்ல வரவில்லை.

கடிதத்தைப் பெற்ற வில்லியம் ஹியூவெல் தச்சர் மகன். கனிமவியல் பேராசிரியராக இருந்தவர், ஜெர்மானியத் தேவாலயங்களின் கட்டடக்கலை பற்றியும் எழுதியவர். கிரேக்கம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனோடு, கேத்தோடு என்று இரண்டு சொற்களைச் செய்து அனுப்பினார். கிரேக்கத்தில் ஏறும் வழி, இறங்கும் வழி. 'அயன்' என்ற சொல்லும் அவர் கொடுத்ததுதான். கொல்லர் மகன் கேட்க, தச்சர் மகன் இழைத்துக் கொடுத்த அந்தச் சொற்களை இன்று பத்தாம் வகுப்புப் பையன்கள் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்கிறார்கள்.

லண்டனில் ஃபாரடேயின் நண்பர்கள் சிலர் இந்தச் சொற்களைக் கடுமையாக எதிர்த்தார்களாம். ஆளாளுக்கு ஒன்று சொல்ல, எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்த்த கழுதைக்காரன் கதையாகிவிட்டது தன் நிலை என்று ஹியூவெல்லுக்கு எழுதினார் ஃபாரடே. கடைசியில் ஹியூவெல்லின் பெயரைக் கேடயம்போல நீட்டியதும் எதிர்ப்பு கரைந்துவிட்டது என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. படித்தபோது சிரித்துவிட்டேன். சொல் நல்லதா கெட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. சொன்னது யார் என்று பார்த்தார்கள். அந்த விஷயத்தில் லண்டனும் நம்ம ஊரும் ஒன்றுதான்.

அதே ஹியூவெல், அதே காலத்தில், இன்னொரு சொல்லையும் செய்தார். அது பட்ட பாடுதான் எனக்குச் சுவாரசியம். 1833-ல் பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கம் கேம்பிரிட்ஜில் கூடியது. கவிஞர் கோல்ரிட்ஜ் வந்திருந்தார். இந்தச் சங்கத்தார் தங்களைத் 'தத்துவவாதிகள்' என்று அழைத்துக்கொள்வது தகாது என்று அவர் ஆட்சேபித்தார். பூமியைத் தோண்டுகிறவரும் பாட்டரியோடு மல்லுக்கட்டுகிறவரும் தத்துவவாதியா? அப்படியானால் பொதுவாக என்னவென்று அழைப்பது? ஆர்ட்டிஸ்ட் இருப்பதுபோல் 'சயின்டிஸ்ட்' இருக்கட்டுமே என்றார் ஹியூவெல். யாரும் ரசிக்கவில்லை. மறு வருஷம் விஞ்ஞான எழுத்தாளர் மேரி சாமர்வில்லின் புத்தகத்துக்கு 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் மதிப்புரை எழுதும்போது, யாரோ ஒரு சாமர்த்தியசாலி இப்படிச் சொன்னதாகவும் அது எடுபடவில்லை என்றும் அவரே எழுதினார். மதிப்புரையில் அவர் கையெழுத்து கிடையாது. தன் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதிரி. சாமர்வில் பெண் என்பதால், 'விஞ்ஞான மனிதர்' என்ற ஆண்பால் வழக்கு பொருந்தாமல்தான் இந்தச் சொல் பிறந்தது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அழகான கதைதான். மதிப்புரையில் அதற்கு ஆதாரம் இல்லை.

1840-ல் ஹியூவெல் மறுபடியும் முயன்றார். இந்தத் தடவை தம் பெயர் போட்ட புத்தகத்திலேயே, கூடவே 'பிசிசிஸ்ட்' என்ற துணையோடு. ஃபாரடே என்ன செய்தார் தெரியுமா? பிசிசிஸ்டில் ஒரே ஒலி அடுக்கடுக்காக வருகிறது, வாய்க்கும் காதுக்கும் ஆகவில்லை, நான் பயன்படுத்தமாட்டேன் என்று எழுதிவிட்டார்! ஆனோடையும் கேத்தோடையும் வாங்கிக்கொண்டவர். அந்த நூற்றாண்டு முடியப்போகும் 1894-லும் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, ஆங்கிலத்தை மதிக்கிறவனுக்கு சயின்டிஸ்ட் என்ற சொல் 'எலெக்ட்ரோக்யூஷன்' அளவுக்குத்தான் இனிக்கும் என்றார். அதற்குள் அந்தச் சொல் அமெரிக்காவில் பரவியிருந்ததால், அமெரிக்கர்கள் செய்த கொச்சை என்றே பல ஆங்கிலேயர்கள் நம்பினார்கள். கேம்பிரிட்ஜில் பிறந்த பிள்ளைக்கு ஊரே மாறிப்போயிற்று. லத்தீன் தலையில் கிரேக்க வால் என்று பண்டிதர்களுக்கு வேறு குறை.

ஆனோடுக்கும் சயின்டிஸ்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? பெயர் வைத்தால் ஆனோடு வாய் திறக்காது. மனிதனுக்குப் பெயர் வைத்தால் அவன் கண்ணாடி முன் நின்று பார்க்கிறான். 'விஞ்ஞான மனிதர்' என்பதில் ஒரு கனவான் இருக்கிறார், சொத்து இருக்கிறது, பொழுதுபோக்காகத் தொலைநோக்கி இருக்கிறது. 'சயின்டிஸ்ட்' என்றால் டென்டிஸ்ட் போல, கூலிக்கு வேலை செய்கிறவன் தொனி வந்துவிட்டது. ஹக்ஸ்லிக்கு உறுத்தியது இலக்கணம் என்று நான் நம்பவில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் தம்பி மகள். அவள் ஒரு ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடித்திருந்தாள். லிஃப்டில் அந்நியர்களோடு ஏறியதும் எல்லாரும் கதவின் மேலுள்ள எண்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அந்த மௌனத்துக்கு 'லிஃப்டென்ஸ்'. லிஃப்ட், சைலன்ஸ், டென்ஸ் மூன்றும் அதில் இருக்கிறதாம். "பெரியப்பா, இத டிக்‌ஷனரில சேக்கணும்னா ஆக்ஸ்ஃபோர்டுல யாருக்கு எழுதணும்?" என்றாள். பத்திரிகைக்கு விஞ்ஞானச் செய்திகளை மொழிபெயர்த்தே வயதான ஆள் நான் என்பதால், எனக்கு இதெல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு பிரமை உண்டு.

"எழுதிப் பிரயோஜனம் இல்லம்மா" என்றேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் சொல்லை வாசலில் நிறுத்தி உள்ளே விடுகிற காவல்காரர்கள் இல்லை. அவர்கள் வேலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி. ஊருக்குள் குடியிருக்கிறவர்களைத்தான் எழுதுவார்கள். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத பலர், பல வருஷங்களாக, பொருள் விளக்காமலேயே ஒரு சொல்லை எழுதியிருக்க வேண்டும். ஜேம்ஸ் மரே 1879-ல் அந்த அகராதிக்கு ஆசிரியரானதும் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பிறை பிறையாக அடித்து, ஊர் உலகத்துத் தொண்டர்கள் அனுப்பிய மேற்கோள் சீட்டுகளை அடுக்கியது இதற்காகத்தான். 1928-ல் அகராதி முழுமையானபோது அவர் உயிரோடு இல்லை.

சீட்டை நம்பினால் சீட்டு காலை வாரவும் செய்யும். 1931-ல் வெப்ஸ்டர் அகராதி அலுவலகத்தில், அடர்த்தியைக் குறிக்க பெரிய டி அல்லது சிறிய டி எழுதலாம் என்று வேதியியல் ஆசிரியர் எழுதிய சீட்டை, இடைவெளியைக் கவனிக்காத யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார். 'டோர்ட்: அடர்த்தி' என்று 1934 பதிப்பில் அச்சாகிவிட்டது. 1939-ல்தான் கண்டுபிடித்தார்கள். மரேயின் அகராதியில் நேர்மாறாக, விவிலியத்திலேயே வருகிற 'பாண்ட்மெய்ட்' சீட்டு தொலைந்ததால் விடுபட்டு, 1933 இணைப்புத் தொகுதியில்தான் இடம் பெற்றது. உலகத்தில் ஒருவரும் பேசாத சொல் அகராதியில் இருந்தது, பேசிய சொல் இல்லை. டோர்டை அச்சில் பார்த்த பிறகும் யாரும் பேசத் தொடங்கவில்லை என்பதைத்தான் தம்பி மகளுக்கு அழுத்திச் சொன்னேன். அவள் கேட்டது வேறு: "அப்ப அந்தச் சீட்ட எழுதுனவருக்கு வேல போச்சா?"

எந்தச் சொல் பிழைக்கும் என்பது, அதை யாருக்காகச் செய்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. ஜெலட் பர்ஜெஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர், 1907-ல் புத்தக வியாபாரிகளின் விருந்து ஒன்றுக்காகத் தம் புத்தகத்துக்குக் கேலியாக ஓர் உறை போட்டார். அதில் ஒரு அம்மணி வாயருகே கையை வைத்துப் புத்தகத்தின் பெருமையைக் கூவுகிறாள். பெயர் மிஸ் பெலிண்டா பிளர்ப். அன்றிலிருந்து பின்னட்டைப் புகழுரைக்கு அதுதான் பெயர். நம் பதிப்பாளர்களும் 'பிளர்ப் எழுதித் தாங்க சார்' என்றுதான் கேட்கிறார்கள். ருசி கண்ட பர்ஜெஸ் 1914-ல் புதுச்சொற்களுக்கென்றே ஓர் அகராதி போட்டார். முகம் தெரிந்தும் பெயர் நினைவுக்கு வராத ஆள் 'ஊஃபில்'. சண்டை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் உதிக்கிற சாமர்த்தியமான பதில் 'டின்டிடில்'. இந்த இரண்டும் தேவைப்படாத மனிதன் உண்டா? கல்யாண மண்டபத்தில் எனக்கு எதிரே வருகிறவர்களில் பாதிப்பேர் ஊஃபில்கள். ஆனாலும் செத்துப்போயின.

தேவை இருந்தால் சொல் பிழைக்கும் என்பது பொய் என்று பர்ஜெஸ் புத்தகம் நிரூபிக்கிறது. ஆலன் மெட்கால்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 2002-ல் எழுதிய புத்தகத்தில், பிழைக்கிற புதுச்சொல் பெரும்பாலும் புதிது என்றே தெரியாமல் கூட்டத்தோடு கலந்துவிடுகிறது என்கிறார். பர்ஜெஸின் சொற்கள் ஒவ்வொன்றும் கண்ணடித்துக்கொண்டு வந்தன. ஆனால் 'பிளர்ப்' மட்டும் என்ன, சாதுவா? அதுவும் கோமாளிதான். வித்தியாசம், அது பிறந்தபோது சுற்றி இருந்தவர்கள். தினமும் அந்தப் பின்னட்டையைக் கையால் தொடுகிற வியாபாரிகள் விருந்து மேசையில் சிரித்தார்கள், மறுநாள் கடையில் சொன்னார்கள். ஆனோடும் அப்படித்தான், ஆய்வுக்கூடத்தில் கையில் பிடித்திருந்தவருக்காகப் பிறந்தது. ஊஃபில் மேசையில் உட்கார்ந்து உலகம் முழுவதற்கும் செய்தது.

உலகம் முழுவதற்கும் செய்தவர்களில் என் அனுதாபத்துக்குரியவர் சார்ல்ஸ் கான்வர்ஸ். அமெரிக்க வழக்கறிஞர். ஆங்கிலத்தில் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான ஒருமைப் பிரதிப்பெயர் இல்லையே என்று 'தான்' என்ற சொல்லைச் செய்து 1884-ல் வெளியிட்டார். நம் 'தான்' இல்லை. 'தட்', 'ஒன்' இரண்டையும் ஒட்டியது. ஆதரவு இருந்தது, 1934 வெப்ஸ்டரிலும் ஏறியது, டோர்ட் இருந்த அதே பதிப்பில். 1961-ல் எடுத்துவிட்டார்கள். அந்த வேலையைக் கடைசியில் செய்தது பல நூற்றாண்டுகளாக வீட்டிலேயே இருந்த 'தே'. 2019-ல் மெரியம் வெப்ஸ்டர் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கான்வர்ஸ் ஓய்வு நேரத்தில் மெட்டும் போடுவார். இயேசுவை நண்பராகக் கொண்டாடும் புகழ்பெற்ற பாமாலைக்கு மெட்டு அவருடையது. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் தமிழ்ச் சொற்களோடு அது ஒலிக்காத ஞாயிற்றுக்கிழமை இருக்காது. அவர் உலகத்துக்கென்று செய்த சொல்லை யாரும் வாங்கவில்லை, மெட்டை எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள்.

காத்திருந்து பிழைத்த சொல்லும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் 'செரண்டிபிட்டி' என்று எழுதினார். முன்பு படித்த செரண்டிப் இளவரசர்கள் கதையிலிருந்து எடுத்தது. செரண்டிப் என்பது இலங்கைக்கு அரபு வணிகர்கள் வைத்த பெயரின் மேற்கத்திய உருவம். தேடாததைக் கண்டெடுக்கும் பாக்கியம் என்று பொருள் சொன்னார். ஒருவரும் கண்டெடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானிகளுக்கு அந்தச் சொல்லால் காரியம் ஆக வேண்டியிருந்தபோது எழுந்து நடந்தது.

தமிழர்களும் ஆங்கிலத்துக்குச் சொல் செய்திருக்கிறோம், பேர் சொல்லாமல். மனைவியின் சகோதரி கணவருக்கு ஆங்கிலத்தில் 'பிரதர் இன் லா'. மைத்துனருக்கும் அதுவே, கொழுந்தனுக்கும் அதுவே. சகலை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது போதுமா? 'கோ-பிரதர்' என்று தென்னிந்தியாவில் யாரோ ஆரம்பித்தார்கள். ஓரகத்தி 'கோ-சிஸ்டர்' ஆனாள். இதைச் செய்தவருக்குக் கல்வெட்டு கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் எழுதுகையில், விண்ணப்பத்தில் உறவுமுறை நிரப்புகையில், நூறு வீடுகளில் ஒரே நேரத்தில் பிறந்திருக்கும்.

என் சகலைக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஒஹையோவிலிருந்து வந்த மேலதிகாரியிடம் என்னை 'மை கோ-பிரதர்' என்று அறிமுகம் செய்தார். அவர் மரியாதையாக எழுந்து நின்று, நாங்கள் எந்த மடத்தைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டார். பிரதர் என்றதும் கத்தோலிக்கத் துறவியர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்று விளக்கியதும் மனிதர் முகத்தில் வெளிச்சம். தனக்கும் அப்படி ஒருத்தர் உண்டென்றும், எப்போதும் 'மனைவியின் தங்கை கணவர்' என்று முழு நீளத்துக்குச் சொல்லவேண்டியிருக்கிறது என்றும் அலுத்துக்கொண்டார். சாப்பாடு முடிகிற வரைக்கும் எங்கள் மாமனாரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போன பிறகு எழுதும் மின்னஞ்சல்களில் கோ-பிரதர் என்றே எழுதுகிறாராம், விளக்கம் இல்லாமல். அவருடைய சகலைக்கு மட்டும் அந்தச் சொல் துளியும் பிடிக்கவில்லையாம்.